ஆடு, மாடு, கோழி, பூனை: காட்டு மூதாதையைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

மார்ச் 2, காலை (வாசகர் கேள்வி)

நாய், மாடு, ஆடு, கோழி எல்லாம் ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக மனிதன் கையில் வளர்ந்தவை. வேண்டியதைப் பொறுக்கிப் பொறுக்கி இனம்பெருக்கி, இன்று அவை முழுக்க நாம் ஆக்கிய பிராணிகள் ஆகிவிட்டன. அப்படியிருக்க, அவற்றின் காட்டு மூதாதை எங்கே மேய்ந்தது, எதற்குப் பயந்தது என்று பரிணாமப் பாடம் படித்து என்ன ஆகப்போகிறது? நல்ல தீவனம், சுத்தமான கொட்டகை, நேரத்துக்கு மருந்து. இவ்வளவு போதாதா?

மார்ச் 2, மாலை

போதாது. "முழுக்க நாம் ஆக்கிய" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு மறுப்பு. நாம் பொறுக்கியது சிலவற்றைத்தான்: சாதுவான குணம், பால், முட்டை, கம்பளி, இறைச்சி, நிறம். இரைப்பை எப்போது அமிலம் சுரக்க வேண்டும், குட்டியை எங்கே ஒளிக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் பொறுக்கவில்லை. அவை பெரும்பாலும் பழைய கணக்கிலேயே ஓடுகின்றன.

குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த புல்வெளியில் நாளின் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருந்த விலங்கு. உடம்பு அவ்வளவு பெரிது, இரைப்பை மட்டும் சிறிது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். புல் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய வயிறு அது. அதனால் அமிலம் இரவும் பகலும் நிற்காமல் சுரக்கிறது. அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். இந்த விலங்கைக் கொட்டிலில் கட்டி, தானியத்தை இரண்டு வேளையாகப் போட்டால் நடுவில் உள்ள நீண்ட நேரம் வெறும் வயிற்றில் அமிலம்தான் நிற்கும். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பது இதனால்தான். மரச்சட்டத்தைக் கவ்விக் காற்றை இழுக்கும் பழக்கத்தைக் "கெட்ட பழக்கம்" என்று சொல்லிக் கழுத்தில் பட்டை மாட்டுகிறார்கள். வெளியில் சுதந்திரமாக மேயும் குதிரைக் கூட்டங்களில் அந்தப் பழக்கமே காணப்படுவதில்லை.

தீவனம் நல்லது, கொட்டில் சுத்தம், மருந்தும் நேரத்துக்கு. எல்லாம் இருந்தும் புண் வருகிறது. ஏன் என்று கேட்டால் பதில் புல்வெளியில்தான் கிடைக்கும்.

மார்ச் 2, இரவு

முயலையும் சேர்க்கிறேன். "தாய் முயல் குட்டிகளைக் கிட்டவே சேர்ப்பதில்லை, பால் கொடுப்பதைப் பார்க்கவே இல்லை" என்று ஒருவர் பதறிப்போய் எழுதியிருந்தார். தாய் முயல் ஒரு நாளில் பெரும்பாலும் ஒரே முறைதான் பாலூட்டும், அதுவும் சில நிமிடங்கள். வளைக்கு அடிக்கடி போய் வந்தால் நரியும் கீரியும் மோப்பம் பிடித்துவிடும். ஆகவே போவதைக் குறைத்துக்கொண்டது, பாலைக் கெட்டியாக்கிக்கொண்டது. காட்டில் திரும்பும்போது வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டுத்தான் வரும். குட்டிகளின் வயிறு புடைத்து, உடம்பு சூடாக இருந்தால் தாய் தன் வேலையைச் செய்கிறாள் என்று அர்த்தம். அவசரப்பட்டுப் புட்டிப்பால் கொடுத்துப் புரையேறிச் சாகவிட வேண்டாம்.

மார்ச் 4

குட்டி வளர்ப்பு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லாமல் விட மனமில்லை.

மேய்ச்சலுக்குப் போன பசு ஒன்று, வயிறு வற்றி, கன்று இல்லாமல் தனியாகத் திரும்பி வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். எல்லோரும் கன்றை ஏதோ மிருகம் தூக்கிப் போய்விட்டது என்றே முடிவு கட்டினார்கள். வயதான மேய்ப்பர் ஒருவர் மட்டும் "மாட்டை அவிழ்த்து விடுங்கள், அதுவே போகும்" என்றார். அவிழ்த்தோம். நேராக உயரமான புல் மண்டிய ஒரு மூலைக்குப் போய் அடித்தொண்டையில் மெல்லக் கனைத்தது. அதுவரை நாங்கள் சுற்றிச் சுற்றி நடந்த இடத்திலிருந்தே கன்று எழுந்தது. அவ்வளவு பேர் காலடிச் சத்தம் கேட்டும் அது மூச்சுக் காட்டவில்லை.

குளம்புள்ள விலங்குகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஒளித்து வைப்பது: பிறந்த சில நாட்கள் குட்டி ஓரிடத்தில் அசையாமல் படுத்திருக்கும், தாய் தூரத்தில் மேய்ந்துவிட்டு வந்து பாலூட்டும். இன்னொன்று கூடவே நடத்துவது: குட்டி எழுந்த கொஞ்ச நேரத்திலேயே தாயின் விலாவை ஒட்டி ஓடும். பசுவும் வெள்ளாடும் முதல் வகை. செம்மறியும் குதிரையும் இரண்டாம் வகை.

இதைத் தெரிந்தவருக்குக் கொட்டகையில் என்ன மாறும்? வெள்ளாட்டுக் குட்டி மூலையில் தனியே சுருண்டு கிடந்தால் உடனே நோய் என்று நினைக்க மாட்டார். ஒளிய ஒரு மறைவிடம் வைத்துக் கொடுப்பார். செம்மறிக் குட்டி அதேபோலத் தனியே கிடந்தால் அன்றே கவலைப்படுவார், ஏனென்றால் செம்மறிக் குட்டி தாயை விட்டு விலகாது. பார்ப்பது ஒரே காட்சி. விலங்கு எது என்பதை வைத்துப் பொருள் தலைகீழாகிறது.

மார்ச் 5

"அப்படியானால் நாய் ஓநாய்தானே, பச்சை இறைச்சி மட்டும் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். முக்கியமான கேள்வி. மூதாதையைப் பற்றிய பேச்சு வழிதவறுவதும் இந்த இடத்தில்தான்.

நாயின் மூதாதை ஓநாய்தான், சந்தேகமில்லை. ஆனால் நாய் குறைந்தது 14,000 ஆண்டுகளாக மனிதனோடு இருக்கிறது. ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914இல் தோண்டிய புதைகுழியில் ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. அதன் பற்களை ஆராய்ந்தபோது டிஸ்டெம்பர் நோய் தாக்கிய தடம் தெரிந்தது. அந்த நோயோடு வாரக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறது என்றால் யாரோ அருகில் இருந்து பார்த்திருக்க வேண்டும். எதற்கும் பயன்படாத, நோயுற்ற ஒரு குட்டியை. இதைப் படித்த நாள் முதல் "நாயை வேட்டைக்காக மட்டும்தான் பழக்கினார்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இவ்வளவு காலம் மனிதன் தின்று மிஞ்சியதைத் தின்றதில் அதன் உடல் மாறியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு படிகள் (பிரதிகள்)தான் உண்டு. நாய்களில் 4 முதல் 30 படிகள் வரை இருப்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. விவசாயம் பரவாத இடங்களில் வாழ்ந்த நாய்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: ஆஸ்திரேலிய டிங்கோவுக்கு ஓநாய் போலவே இரண்டு படிகள்தான். பனிப்பிரதேச ஹஸ்கிக்கும் குறைவு. ஆக, மூதாதை என்பது தொடக்கம். அதற்குப் பிறகு அந்த விலங்கு எந்தச் சூழலில் வாழ்ந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பரிணாமத்தையும் சூழலியலையும் நான் பிரிக்காமல் பேசுவது அதனால்தான்.

"நாய்க்கு நீதான் தலைவன் என்று காட்டு, புரட்டிப் போட்டு அமுக்கு" என்ற பயிற்சி முறையும் ஓநாயைச் சொல்லித்தான் வந்தது. அதன் வேர் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய ஆய்வு. அவர் பார்த்தவை விலங்குக் காட்சியகத்தில் அடைபட்டிருந்த ஓநாய்கள். காட்டில் ஓநாய்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த டேவிட் மெக், 1999இல் வெளியிட்ட கட்டுரையில் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம் என்று விளக்கினார்: தாய், தந்தை, பிள்ளைகள். அங்கே தலைமைக்கான சண்டை அன்றாட வேலை அல்ல. தவறான சூழலில் பார்த்த மூதாதையை வைத்து எத்தனை நாய்களை அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

மார்ச் 9

பூனை நாயல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே தட்டில் சோறு வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்காசியப் பகுதிகளின் காட்டுப்பூனை. வறண்ட நிலத்தில் தனியாக வேட்டையாடியது. சின்னச் சின்ன இரையை நாள் முழுக்கப் பல வேளைகளாகத் தின்றது. தானியக் குதிருக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. இறைச்சி தவிர வேறு எதையும் நம்பி வாழாததால் அதன் உடல் சில வேலைகளைக் கைவிட்டுவிட்டது. இனிப்பை உணரும் சுவை ஏற்பிக்கான மரபணு செயலற்றுக் கிடக்கிறது. கேரட்டின் நிறமியை வைட்டமின் ஏ ஆக மாற்ற முடியாது. டாரின் என்ற பொருளை வேண்டிய அளவு தானே தயாரிக்க முடியாது. 1980களில் ஏராளமான வீட்டுப் பூனைகள் இதயத்தசை விரிந்து செத்தன. தீவனத்தில் டாரின் போதாததுதான் காரணம் என்பது 1987இல் தெரிந்தது. சேர்த்த பிறகு அந்த நோய் அரிதாகிவிட்டது. நாய்த்தீவனத்தைப் பூனைக்குப் போடக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தண்ணீர் விஷயமும் இதேதான். தண்ணீரை இரையின் உடலிலிருந்தே பெற்ற விலங்குக்குத் தாக உணர்வு மந்தம். உலர் தீவனம் மட்டும் தின்னும் பூனை குடித்து ஈடுகட்டிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

மார்ச் 12

இனி வெள்ளாட்டின் குடற்புழு. இதற்காகவே இந்த இழையில் எழுத வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். முதல் கேள்வியில் "நேரத்துக்கு மருந்து" என்று இருந்தது. எனக்கு உறுத்தியது அந்த வார்த்தைகள்தான்.

ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ் என்ற புழு உண்டு. பெண் புழு ஒன்று நாளுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் இடும். முட்டை புழுக்கையோடு மண்ணில் விழுந்து, பொரித்து, இளம்புழு ஈரமான புல்லின் அடிப்பகுதியில் ஏறி நிற்கும். ஆடு புல்லோடு சேர்த்து விழுங்கும். சோகை பிடிக்கும், தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கும், பிறகு சாகும்.

இதே புழு செம்மறிக்கும் வரும். ஆனால் செம்மறி பொதுவாக வெள்ளாட்டை விட நன்றாகத் தாங்குகிறது. ஏன்? செம்மறியின் மூதாதை தரையில் புல் மேய்ந்தது. புழுவோடு தலைமுறை தலைமுறையாகப் போராடி எதிர்ப்பாற்றல் வளர்ந்தது. வெள்ளாட்டின் மூதாதை மலைச்சரிவில் புதரையும் மரத்தழையையும் எட்டிக் கடித்தது. இளம்புழு ஏறும் உயரத்துக்கு மேலேயே அதன் வாய் இருந்தது. புழுவைத் தவிர்த்து வாழ்ந்த விலங்குக்குப் புழுவை எதிர்க்கும் ஆற்றல் பெரிதாகத் தேவைப்படவில்லை. தழை கடிக்கப் பிறந்த விலங்கை வேலி போட்டுக் குட்டைப் புல்லில் அடைத்தால் என்ன ஆகும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. தழையிலும் செடியிலும் உள்ள கசப்புச் சேர்மங்களைச் சமாளிக்க அதன் கல்லீரல் சுறுசுறுப்பாகப் பழகியிருக்கிறது. அதே சுறுசுறுப்பில் பல புழு மருந்துகளையும் செம்மறியை விட வேகமாக உடைத்து வெளியேற்றிவிடுகிறது. செம்மறிக்கான அளவை வெள்ளாட்டுக்குக் கொடுத்தால் புழுவுக்குப் பாதி மருந்து கொடுத்துப் பழக்கிய கதைதான். அதற்காக நீங்களே அளவைக் கூட்டிவிடாதீர்கள், சில மருந்துகளில் அது உயிருக்கே ஆபத்து. கால்நடை மருத்துவரிடம் "வெள்ளாட்டுக்கான அளவு" என்று கேளுங்கள்.

இது பாதிக் கதை. புழுவும் பரிணாமம் அடைகிறது. தயாபெண்டசோல் என்ற மருந்து 1961இல் வந்தது. 1964இலேயே அதற்கு மசியாத புழுக்கள் பதிவாகிவிட்டன. மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றி, உடனே புழு இல்லாத புது மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டுவது நல்ல பழக்கம் என்று வெகுகாலம் கற்பித்தார்கள். பரிணாமக் கண்ணில் பாருங்கள்: மருந்தைத் தாங்கிய சில புழுக்கள் மட்டும் பிழைத்திருக்கின்றன. புது நிலத்தில் விழும் முட்டைகள் அத்தனையும் அவற்றின் வாரிசுகள். கலந்து நீர்த்துப்போக மருந்துக்கு மசியும் புழு அங்கே ஒன்றுகூட இல்லை. எதிர்ப்புள்ள புழுவை நாமே பொறுக்கி எடுத்து விதைத்த மாதிரி ஆகிறது.

ஆகவே இன்று சொல்வது இது: எல்லா ஆட்டுக்கும் ஊற்றாதே. மருந்து படாத புழுக்கள் கொஞ்சம் மந்தையிலும் மண்ணிலும் இருக்கட்டும். புழுவைக் காப்பாற்று என்று சொல்வது போல இருக்கும். காப்பாற்றுவது மருந்தை.

மார்ச் 13

"எந்த ஆட்டுக்கு ஊற்றுவது, எதை விடுவது?" என்ற கேள்விக்கு: புழுக்கள் மந்தையில் சமமாகப் பரவியிருப்பதில்லை. சிறு பங்கு ஆடுகளிடம்தான் பெரும்பங்கு புழுக்கள் இருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்கத் தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்ற வண்ண அட்டையை உருவாக்கினார்கள். கீழிமையை இழுத்து உள்நிறத்தை அட்டையின் ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பு என்றால் விட்டுவிடலாம், வெளிறியிருந்தால் மருந்து. இரத்தம் குடிக்கும் இந்தப் புழுவுக்கு மட்டும்தான் இது பொருந்தும். வேறு புழுக்களால் கழிச்சல் கண்ட ஆட்டின் கீழிமை சிவப்பாகவே இருக்கலாம்.

என் ஆடுகளில் ஒன்றுக்குத் திரும்பத் திரும்ப இமை வெளுக்கும். அதன் குட்டிகளுக்கும் அப்படியே. பக்கத்தில் அதே நிலத்தில் மேய்ந்த இன்னொன்றுக்கு மருந்தே தேவைப்பட்டதில்லை. முன்னதற்குப் பால் அதிகம் என்பதால் அதன் பெட்டைக் குட்டிகளை வைத்துக்கொள்ள ஆசைதான். பின்னதன் வழியைத்தான் பெருக்கினேன்.

மார்ச் 17

சைபீரிய நரிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1959இல் திமித்ரி பெலியாயெவ் தொடங்கி, லுத்மிலா த்ருத் தொடர்ந்து நடத்திய சோதனை. பண்ணையில் இருந்த வெள்ளிநரிகளில் மனிதனிடம் மிகச் சாதுவாக நடந்தவற்றை மட்டும் இனம்பெருக்கினார்கள். சில பத்து தலைமுறைகளில் வாலாட்டி மனிதனைத் தேடி வரும் நரிகள் கிடைத்தன. கூடவே சிலவற்றுக்குத் தொங்கிய காது, வெள்ளைத் திட்டு, சுருண்ட வால். சாதுத்தனத்தைப் பொறுக்கினால் மற்றவை தானே வரும் என்று இதிலிருந்து சொன்னார்கள்.

முதல் பாதியை உறுதியாக நம்பலாம்: குணம் பரம்பரையில் மாறும், அதுவும் வேகமாக. இரண்டாம் பாதியில் நிதானம் வேண்டும். அந்த நரிகளின் முன்னோர் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ரோமத்துக்காகப் பல தலைமுறை வளர்க்கப்பட்டவை என்பதையும், வெள்ளைத் திட்டு போன்றவை அங்கேயே இருந்ததையும் 2019இல் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். அழகான கதை என்பதற்காக முழுவதையும் விழுங்க வேண்டாம்.

மார்ச் 21

"உங்கள் முயல், கன்று விளக்கங்களும் அப்படிப்பட்ட அழகான கதைகள்தானே?" நியாயமான அடி. எதற்கும் ஒரு மூதாதைக் கதை கட்டிவிட முடியும். ஆகவே சோதித்துப் பார்க்கும் வழி இருக்க வேண்டும்.

எடின்பரோவில் அலெக்ஸ் ஸ்டோல்பா, டேவிட் வுட்-குஷ் இருவரும் பண்ணைப் பன்றிகளை மரமும் புதரும் ஓடையும் உள்ள அடைப்பில் விட்டு நீண்ட காலம் கவனித்தார்கள். ஆய்வு 1989இல் வெளியானது. தலைமுறைகளாக மனிதனால் பெருக்கப்பட்ட இனம். கொஞ்ச காலத்தில் காட்டுப்பன்றி செய்வதையெல்லாம் செய்தது. நாளில் பெரும்பகுதி நிலத்தைக் கிளறியது. படுக்கும் இடத்திலிருந்து தள்ளிப்போய்ச் சாணமிட்டது. ஈனும் முன் கூட்டத்தை விட்டு விலகி, குழி பறித்து, கிளையும் புல்லும் கொண்டுவந்து கூடு கட்டியது. கற்றுக்கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை.

இப்போது ஈனும் நாளில், திரும்பக்கூட முடியாத இரும்புச் சட்டத்துக்குள் நிற்கும் பெண்பன்றியை நினையுங்கள். வைக்கோல் ஒரு துரும்பும் இல்லை. ஆனாலும் வெறும் சிமெண்டுத் தரையை முகத்தால் உழும், காலால் பறிக்கும், கம்பியைக் கடிக்கும். ஹார்மோன் கூடு கட்டச் சொல்கிறது. கட்டப் பொருள் இல்லை. இதைப் பார்த்தும் "அது பழகிக்கொள்ளும்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பழக இத்தனை ஆயிரம் ஆண்டு இருந்தும் பழகவில்லை என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டுகிறது.

மார்ச் 24

கோழி. முதல் குறிப்பில் "நாம் சிலவற்றைத்தான் பொறுக்கினோம்" என்றேன். அதற்கு இன்னொரு பக்கம் உண்டு: ஒன்றைப் பொறுக்கும்போது நாம் கேட்காதவையும் கூடவே வருகின்றன.

கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிட்டு அடைகாக்கும். இன்றைய முட்டைக்கோழி ஆண்டுக்கு 300க்கு மேல் இடுகிறது. ஒவ்வொரு ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு இறுகும் நேரம் பெரும்பாலும் இரவு. குடலில் தீவனம் தீர்ந்துவிட்டால் எலும்பிலிருந்துதான் கரைத்து எடுக்கும். மார்பெலும்பு முறிவு முட்டைக்கோழிகளில் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மாலையில் பெரிய துகளாகச் சிப்பித்தூள் வைத்தால் இரவு முழுக்க மெல்லக் கரையும். நான் அப்படித்தான் வைக்கிறேன்.

கேட்காதது வந்து சேர்வதற்கு இன்னொரு சான்று. அதிகம் முட்டையிடும் தனிக்கோழியைப் பொறுக்கினால், பக்கத்துக் கோழியைக் கொத்தி விரட்டி ஜெயித்ததையும் சேர்த்துப் பொறுக்கிவிடலாம். பர்டூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மியூர் வேறு மாதிரி செய்தார். தனிக்கோழியைப் பார்க்காமல், ஒன்றாக வாழ்ந்த கூண்டின் மொத்த விளைச்சலைப் பார்த்துப் பொறுக்கினார். சில தலைமுறைகளில், கூண்டில் சாகும் கோழிகளின் ஆண்டு விகிதம் 68 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது என்று 1996இல் வெளியிட்டார். கோழிக்குச் சக கோழியும் ஒரு சூழல்தான்.

மார்ச் 26

கோழிகளைக் கொல்லும் வைரஸ் நோயான மாரெக் நோய்க்குப் போடும் தடுப்பூசி பற்றிய கேள்விக்குப் பதில். நீங்கள் படித்தது உண்மைதான்: இந்தத் தடுப்பூசி நோயைத் தடுக்கும், வைரஸ் பரவுவதை முழுக்கத் தடுக்காது. தடுப்பூசி இல்லாத கோழியைக் கொடிய வைரஸ் விரைவில் கொன்று தானும் அதோடு போய்விடும். தடுப்பூசி போட்ட கோழி பிழைத்து, அதே கொடிய வைரஸை இறகுத் தூளில் உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஆண்ட்ரூ ரீட் குழு இதைச் சோதனையில் காட்டியது 2015இல்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் ஊசியே வேண்டாம்" என்று நிறுத்திவிடாதீர்கள். கொடிய வைரஸ் ஏற்கெனவே சுற்றிலும் இருக்கிறது. ஊசி போடாத குஞ்சுதான் முதலில் சாகும். குஞ்சு பொரித்த அன்றே போடச் சொல்லுங்கள். ஊசி போட்ட பழைய கோழிகளோடு ஊசி போடாத புதுக் குஞ்சுகளைக் கலக்காதீர்கள். ஒரு தொகுதி போனதும் கொட்டகையின் தூசியை நன்றாகக் கழித்த பிறகே அடுத்ததை விடுங்கள். அந்த வைரஸ் தூசியில் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.